தமிழ்ப் பெயர்ப் பட்டியலை அகரவரிசையில் நிறுத்துவது எப்படி

கோலாலம்பூரில் ஓர் ஆலயத்தின் உறுப்பினர் பதிவேட்டுக்கோ பினாங்கில் ஒரு தமிழ்ப்பள்ளியின் மாணவர் பட்டியலுக்கோ மென்பொருள் எழுதுகிறவர்கள், எழுத்துகள் திரையில் உடையாமல் தெரிந்ததும் தமிழுக்கான வேலை முடிந்துவிட்டதாகக் கருதிவிடுகிறார்கள். பட்டியல் அச்சாகிக் கைக்கு வந்த பிறகுதான், அன்பரசியின் பெயரை அகரப் பெயர்களின் கடைசியில் தேடும் செயலாளர், அது முதல் வரியிலேயே நிற்பதைக் காண்கிறார். இந்தக் கோளாறு எங்கிருந்து வருகிறது, அதை ஒவ்வொரு கருவியிலும் எப்படிச் சரிசெய்வது, இரண்டு பெயர்கள் ஒன்றே என்று கணினி எப்போது சொல்ல வேண்டும் என்பவற்றை இந்த வழிகாட்டி விளக்குகிறது. பெரும்பகுதி நிரல் எழுதுவோருக்கானது. ஆனால் தொடக்கத்தில் உள்ள சோதனைகளை நிரல் தெரியாதவரும் செய்து பார்க்கலாம்.

இரண்டு சோதனைகள்

முதல் சோதனைக்கு எட்டுப் பெயர்கள் போதும்: அப்பாசாமி, அமுதா, அருள், அல்லி, அவ்வை, அழகன், அறிவழகன், அன்பரசி. தமிழ் நெடுங்கணக்கின்படி இதுவே சரியான வரிசை. இவற்றைக் கலைத்துப்போட்டு உங்கள் மென்பொருளில் உள்ளிட்டு, ஏறுவரிசையில் கேளுங்கள். அன்பரசி தலைக்கு ஏறி, அருளுக்கு அடுத்து அறிவழகன் நுழைந்து, அவ்வை கடைசிக்குத் தள்ளப்பட்டிருந்தால், அந்த மென்பொருள் தமிழ் என்று ஒரு மொழி இருப்பதையே அறியாமல் எண்களை மட்டும் ஒப்பிடுகிறது.

இரண்டாவது சோதனைக்கு மூன்று பெயர்கள்: கண்ணன், கணபதி, கணேசன். இதுவும் சரியான வரிசையிலேயே தரப்பட்டிருக்கிறது. கணபதி, கணேசன், கண்ணன் என்று மாறி வந்தால் புள்ளி வைத்த எழுத்துகள் தவறான இடத்தில் வைக்கப்படுகின்றன என்று பொருள்.

இரண்டு சோதனைகளையும் சேர்த்துப் பார்த்தால் நோய் எது என்பது தெரிந்துவிடும். இரண்டிலும் தோற்றால், ஒப்பீடு வெறும் குறியெண் அளவில், அதாவது கணினி ஒவ்வோர் எழுத்துக்கும் வைத்திருக்கும் எண்ணைக் கொண்டு மட்டும் நடக்கிறது. முதலாவதில் தேறி இரண்டாவதில் தோற்றால், உலகப் பொதுவான யூனிகோடு வரிசை கையாளப்படுகிறது. தமிழுக்கென எழுதப்பட்ட விதி இன்னும் கேட்கப்படவில்லை. இரண்டிலும் தேறினால், வரிசையைப் பொறுத்தவரை உங்கள் வேலை முடிந்தது. ‘இரண்டு பெயர்கள் ஒன்றா’ என்னும் பகுதிக்கு நேரே போகலாம்.

ஏன் இப்படி நேர்கிறது

யூனிகோடில் ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு குறியெண் உண்டு. பதின்ம எண்ணில் சொன்னால் தமிழுக்கு ஒதுக்கப்பட்ட பகுதி 2944 முதல் 3071 வரை. க 2965, ந 2984, ப 2986 என்று பார்த்துக்கொண்டே போகும்போது எல்லாம் ஒழுங்காகவே இருப்பது போலத் தோன்றும். ஆனால் ந, ப இரண்டுக்கும் நடுவே 2985இல் ன உட்கார்ந்திருக்கிறது. ர 2992 என்றால் ற 2993. ல, ள, ழ, வ நான்கும் அதே வரிசையில் 2994 முதல் 2997 வரை. பள்ளியில் நாம் கற்றதோ ய, ர, ல, வ, ழ, ள, ற, ன.

இதற்குக் காரணம், யூனிகோடின் இந்திய எழுத்துப் பகுதிகள் இஸ்கி என்னும் இந்தியத் தரத்தின் 1988ஆம் ஆண்டு வடிவத்தைப் பின்பற்றி அமைக்கப்பட்டதுதான். அத்தரம் எல்லா இந்திய எழுத்துமுறைகளையும் ஒரே அச்சில் வார்த்தது. தேவநாகரியில் ஓர் ஒலி எத்தனையாவது இடத்தில் இருக்கிறதோ, தமிழிலும் அது அதே இடத்தைப் பெற்றது. ன, ற, ழ போன்றவை அவற்றோடு ஒத்த ஒலிக்கு அருகில் செருகப்பட்டன. அகரத்தில் தொடங்கி னகரத்தில் முடியும் முப்பது எழுத்துகள் என்று தொல்காப்பியமே வகுத்துச் சொல்லும் வரிசை, குறியெண் அட்டவணையில் இடம்பெறவில்லை. இதைத் தமிழுக்கு இழைத்த அநீதியாகப் பேசுவோர் உண்டு; குறியெண் என்பது எழுத்தை அடையாளம் காட்டுவதற்கு மட்டுமே, வரிசையைக் காட்டுவதற்கு அன்று என்பதே யூனிகோடின் நிலைப்பாடு. ஆங்கிலத்துக்கும் இதே கதைதான்: குறியெண்படி அடுக்கினால் பெரிய எழுத்துகள் அனைத்தும் முடிந்த பிறகே சிறிய எழுத்து ஒன்றாவது வரும்.

புள்ளியின் சிக்கல் இன்னும் ஆழமானது. தமிழ் இலக்கணத்தில் மெய்யே அடிப்படை. க் என்னும் மெய்யோடு அகரம் சேர்ந்தால் க பிறக்கிறது. ஆகவே அகராதிகளில் க் முதலிலும் க அதன் பின்னும் வருகின்றன. யூனிகோடு இதைத் தலைகீழாகப் பதிகிறது: அகரமேறிய க அங்கே அடிப்படை; புள்ளி அதன் பின்னால் தனி எழுத்தாக வந்து அகரத்தை நீக்குகிறது. அந்தப் புள்ளியின் குறியெண் 3021, அதாவது எல்லா உயிர்க்குறிகளுக்கும் பிற்பட்டது. கண்ணன், கணபதி இரண்டிலும் முதல் இரண்டு குறிகள் ஒன்றே. மூன்றாவதில் புள்ளியும் பகரமும் மோதுகின்றன. 2986 சிறியது என்பதால் கணபதி முந்துகிறது. மல்லிகாவுக்கு முன்னால் மலர்விழியும், பக்கிரிக்கு முன்னால் பகவதியும் வந்து நிற்பதும் இதனால்தான்.

வரிசைவிதி என்பது என்ன

மென்பொருளாளர்கள் கொலேஷன் என்று சொல்லும் வரிசைவிதி, குறியெண்ணுக்கும் வரிசைக்கும் உள்ள தொடர்பைத் துண்டித்து, ஒவ்வோர் எழுத்துக்கும் தனியாக எடைகளைத் தருகிறது. யூனிகோடு வரிசை நெறிமுறை இதற்கான பொது அட்டவணை ஒன்றை வெளியிடுகிறது. ஐஎஸ்ஓ 14651 என்னும் பன்னாட்டுத் தரம் அதனோடு ஒத்துச் செல்கிறது. எடைகள் பல அடுக்குகளாக இருக்கும். முதல் அடுக்கு எழுத்து எது என்பதைப் பார்க்கிறது. முதல் அடுக்கில் இரண்டு சரங்களும் முழுதாக ஒத்துப்போனால் மட்டுமே, மேற்குறிகளைப் பார்க்கும் இரண்டாம் அடுக்கும், பெரிய எழுத்து சிறிய எழுத்து வேறுபாட்டைப் பார்க்கும் மூன்றாம் அடுக்கும் கவனத்துக்கு வருகின்றன. தமிழில் பெரிய எழுத்து சிறிய எழுத்து இல்லை. உயிர்க்குறிகளும் புள்ளியும் முதல் அடுக்கு எடையையே பெறுகின்றன. எனவே தமிழ்ச் சொற்களை வேறுபடுத்துவதற்கு முதல் அடுக்கே பெரும்பாலும் போதுமானது.

பொது அட்டவணை மெய்களை நெடுங்கணக்கு வரிசையிலேயே வைத்திருக்கிறது. புள்ளியை மட்டும் உயிர்க்குறிகளுக்குப் பின்னால் விட்டுவிடுகிறது. புள்ளி வைத்த மெய்யை அதன் அகரமேறிய வடிவத்துக்கு முன்னால் நிறுத்தும் திருத்தம், சிஎல்டிஆர் என்னும் யூனிகோடு அமைப்பின் மொழித்தரவுத் தொகுப்பில் தமிழுக்குரிய பகுதியில் இருக்கிறது. ஐசியு என்னும் நிரலகம் அந்தத் தரவைப் பயன்படுத்துகிறது. சுருங்கச் சொன்னால் ‘யூனிகோடு வரிசை’ என்று பொதுவாகக் கேட்டால் பாதிக் கிணறு தாண்டுகிறோம்; ‘தமிழ் வரிசை’ என்று பெயர் சொல்லிக் கேட்க வேண்டும்.

கருவிகளில் கேட்கும் முறை

ஜாவாஸ்கிரிப்டில் ‘சார்ட்’ என்னும் செயற்கூறு, எதுவும் சொல்லாவிட்டால் குறியெண்களையே ஒப்பிடும். ‘லோக்கேல்கம்பேர்’ அல்லது ‘இன்டல்’ தொகுதியின் ‘கொலேட்டர்’ வழியாக ஒப்பிட வேண்டும். இங்கே மலேசியப் பயனர்களை மனத்தில் வைத்து ஓர் எச்சரிக்கை அவசியம். மொழிக்குறியைத் தராமல் அழைத்தால் அது பயனருடைய உலாவியின் மொழியை எடுத்துக்கொள்ளும். நம்மில் பலருடைய உலாவி ஆங்கிலத்திலோ மலாயிலோ இருக்கும். விளைவாக முதல் சோதனையில் தேறி இரண்டாவதில் தோற்கும் பட்டியல் கிடைக்கும். டி, ஏ என்னும் இரண்டெழுத்து மொழிக்குறியை எப்போதும் வெளிப்படையாகத் தாருங்கள். மலேசியாவைக் குறிக்கும் எம், ஒய் எழுத்துகளை அதோடு சேர்க்கலாம், சிஎல்டிஆரில் மலேசியத் தமிழுக்கும் இடமுண்டு, வரிசை மாறாது. சேவையகத்தில் ஜாவாஸ்கிரிப்டை இயக்கும் நோட் மென்பொருளைப் பயன்படுத்துவோர் பதிப்பைப் பார்த்துக்கொள்ள வேண்டும்: 2019இல் வந்த 13ஆம் பதிப்புக்கு முன், இயல்பாகக் கிடைத்த நோடில் ஆங்கிலத் தரவு மட்டுமே சேர்ந்திருந்தது. தமிழ் கேட்டாலும் பிழை எதுவும் காட்டாமல் வேறு வரிசையைத் தந்துவிடும். ‘ரிசால்வ்டு ஆப்ஷன்ஸ்’ என்னும் செயற்கூறைக் கேட்டால் உண்மையில் எந்த மொழி கையாளப்படுகிறது என்பது தெரியும்.

பைத்தானின் ‘சார்ட்டெட்’ செயற்கூறும் குறியெண் அளவிலேயே இயங்குகிறது. பைஐசியு என்னும் தொகுப்பை நிறுவி, தமிழுக்கான கொலேட்டர் ஒன்றை உருவாக்கி, அது தரும் வரிசைச் சாவியை (பெயரின் எடைகளை வரிசையாகக் கோத்த பைட்டுத் தொடரை) ‘கீ’ மதிப்பாகக் கொடுப்பதே நம்பகமான வழி. இயங்குதளத்தின் மொழியமைப்பை நம்பும் ‘லோக்கேல்’ தொகுதியை நான் பரிந்துரைப்பதில்லை: லினக்ஸின் ஜிலிப்சி நிரலகத்தில் இந்தியத் தமிழும் இலங்கைத் தமிழும் உண்டு, மலேசியத் தமிழ் இல்லை, அந்த இரண்டும்கூடச் சேவையகத்தில் நிறுவப்பட்டிருக்கும் என்பதற்கு உறுதியில்லை.

போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் வேலை எளிது. 2017இல் வந்த 10ஆம் பதிப்பிலிருந்து ஐசியு வரிசைவிதிகள் அதில் கிடைக்கின்றன. தமிழுக்கானது டிஏ-எக்ஸ்-ஐசியு என்ற பெயரில் ஆயத்தமாகவே இருக்கும். வினவலின் ‘ஆர்டர் பை’ பகுதியில் நெடுவரிசைப் பெயருக்குப் பின் ‘கொலேட்’ என்று எழுதி இந்தப் பெயரை இரட்டை மேற்கோளில் தரலாம். நெடுவரிசையை உருவாக்கும்போதே அதனுடன் இணைத்துவிட்டால் இன்னும் நல்லது. வினவலில் மட்டும் தமிழ் கேட்டுவிட்டு, இன்டெக்ஸை, அதாவது விரைவாகத் தேட முன்கூட்டியே அடுக்கி வைக்கும் பட்டியலை, வேறு வரிசைவிதியில் உருவாக்கியிருந்தால் அந்த இன்டெக்ஸ் வரிசைப்படுத்த உதவாது; ஒவ்வொரு முறையும் முழுப் பட்டியலும் புதிதாக அடுக்கப்படும். 15ஆம் பதிப்பிலிருந்து தரவுத்தளம் முழுமைக்குமே ஐசியுவை இயல்பு விதியாக வைக்க முடியும்.

மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தின் கதை வேறு. 2018இல் வந்த 8.0 பதிப்பு முதல் இயல்பாக உள்ள வரிசைவிதி, பெயரில் 0900 என்னும் எண்ணைத் தாங்கியது. அது யூனிகோடு நெறிமுறையின் 9.0.0 பதிப்பைப் பின்பற்றுகிறது. முதல் சோதனையில் தேறும், இரண்டாவதில் தோற்கும். பழைய ‘ஜெனரல்’ வகை வரிசைவிதியில் இயங்கும் தரவுத்தளங்கள் இரண்டிலுமே தோற்கும். சுவீடிய மொழி முதல் வியட்நாமிய மொழி வரை பலவற்றுக்குத் தனி விதி தரும் மைஎஸ்கியூஎலில் தமிழுக்கென எதுவும் இல்லை. ஆகவே வரிசைச் சாவி ஒன்றை நாமே கணக்கிட்டு, தனி நெடுவரிசையில் இருமக் கோவையாகச் சேமித்து, அதைக் கொண்டு அடுக்க வேண்டும்.

எஸ்கியூலைட் என்னும் சிறு தரவுத்தளத்துக்கும் இது பொருந்தும். அதன் இயல்பு ஒப்பீடு பைட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்ப்பது. ஆண்ட்ராய்டில் ‘லோக்கலைஸ்டு’ என்று ஒரு வரிசைவிதி கிடைக்கும். ஆனால் அது கைப்பேசியின் மொழியைப் பொறுத்து மாறும் என்பதால், மலாயில் வைத்திருக்கும் பேசியில் தமிழ் வரிசையை எதிர்பார்க்க முடியாது.

247 எழுத்துகளைக் கொண்டு நாமே அமைக்கும் சாவி

ஐசியுவைச் சேர்க்க இடமில்லாத சிறிய செயலிகளுக்கும் மைஎஸ்கியூஎலுக்கும் ஏற்ற ஓர் எளிய வழி நம் நெடுங்கணக்கிலேயே இருக்கிறது. உயிர் 12, ஆய்தம் 1, ஆக 13. மெய் 18, ஒவ்வொன்றுக்கும் புள்ளி வைத்த வடிவம் ஒன்றும் உயிர்மெய் 12உம் சேர்ந்து 13. மொத்தம் 13 உடன் 18 பதின்மூன்றுகள், அதாவது 247. ஒவ்வோர் எழுத்துக்கும் இந்த 247இல் அது எத்தனையாவது என்பதையே எடையாகக் கொடுத்துவிட்டால், தனியாக அட்டவணை எதுவும் தேவையில்லை.

அ 1, ஆ 2 என்று தொடங்கி ஔ 12, ஃ 13. குறியெண் வரிசையில் ஃ அகரத்துக்கும் முன்னால் இருப்பதால் இந்த இடமாற்றம் தேவை. அடுத்து க் 14, க 15, கா 16 என்று போய் கௌ 26இல் முடிகிறது, ங் 27. பொதுவாகச் சொன்னால், மெய்யின் வரிசை எண்ணிலிருந்து ஒன்றைக் கழித்து, 13ஆல் பெருக்கி, 14ஐக் கூட்டி, அதனோடு உயிரின் எண்ணைச் சேர்க்க வேண்டும். புள்ளிக்கு உயிர் எண் 0, குறி எதுவும் இல்லாவிட்டால் அகரம் என்பதால் 1. கடைசி மெய்யான ன் 235 ஆகும், னௌ 247. கிரந்த எழுத்துகளுக்கு இதே முறையைத் தொடரலாம்: ஜ் 248, ஶ் 261, ஷ் 274, ஸ் 287, ஹ் 300. நெடுங்கணக்கின் இறுதியில் க்ஷவை வைக்க விரும்புவோர் க், ஷ இரண்டும் அடுத்தடுத்து வரும் இடத்தை முன்கூட்டியே கண்டு, 313இல் தொடங்கலாம்.

கண்ணன் இப்போது 15, 79, 80, 235 ஆகிறது. கணபதி 15, 80, 119, 95. கணேசன் 15, 87, 41, 235. இரண்டாவது எண்ணைப் பார்த்தாலே வரிசை சரியாகிவிட்டது தெரியும். எண்கள் 255ஐத் தாண்டுவதால், ஒவ்வோர் எழுத்துக்கும் இரண்டு பைட்டுகளை ஒதுக்கி, பெரிய பைட்டை முதலில் எழுதிச் சேமியுங்கள். இடைவெளிக்கு 0 கொடுத்தால் ஒரே தலைப்பெயர் உடையவர்கள் ஒன்றாக நிற்பார்கள். தமிழல்லாத எழுத்துகளைச் சிறிய எழுத்தாக்கி, அவற்றின் குறியெண்ணோடு 1000ஐக் கூட்டிப் பதிந்தால் தமிழ்ப் பெயர்களுக்குப் பிறகு ரோமன் பெயர்கள் வரும். இது முழுமையான யூனிகோடு நெறிமுறை ஆகாது. தமிழ்ப் பெயர்களே பெரும்பாலும் உள்ள பட்டியலுக்கு இதற்கு மேல் தேவையும் இல்லை.

இரண்டு பெயர்கள் ஒன்றா

வரிசைப்படுத்துவதும் சமமா என்று பார்ப்பதும் ஒரே ஒப்பீட்டின் இரண்டு முகங்களாகத் தோன்றினாலும், நடைமுறையில் இரண்டையும் தனித்தனியே தீர்மானிப்பதே நல்லது. வரிசையில் பிழை நேர்ந்தால் பெயர் இடம் மாறி நிற்கும், அவ்வளவுதான். சமத்துவத்தில் பிழை நேர்ந்தால் ஒரே ஆள் இரண்டு முறை பதிவாவார், அல்லது இரண்டு ஆட்கள் ஒருவராகிவிடுவார்கள்.

முதலில் இயல்பாக்கம். கோமதி என்ற பெயரின் முதல் எழுத்தை, ககரத்தின் பின் 3019 என்னும் ஒற்றை ஓகாரக் குறியாகவும் பதியலாம். 3015, 3006 என்னும் இரண்டு குறிகளை அடுத்தடுத்து வைத்தும் பதியலாம். திரையில் இரண்டும் ஒன்றே, பைட்டுகளில் வேறு. யூனிகோடு இவற்றைச் சமமானவை என்று வரையறுத்திருப்பதால், என்எஃப்சி என்னும் இயல்பாக்க வடிவத்துக்கு மாற்றினால் இரண்டும் ஒற்றைக் குறியாகிவிடும். தரவு உள்ளே வரும் வாசலிலேயே இதைச் செய்ய வேண்டும். தேடும்போது செய்துகொள்ளலாம் என்று தள்ளிப்போட்டால் ஒவ்வொரு வினவலிலும் நினைவு வைத்திருக்க வேண்டிவரும். போஸ்ட்கிரெஸில் 2020இல் வந்த 13ஆம் பதிப்பிலிருந்து இதற்கான ‘நார்மலைஸ்’ செயற்கூறு உண்டு. பைத்தானிலும் ஜாவாஸ்கிரிப்டிலும் உள்ளமைந்தே இருக்கிறது.

இயல்பாக்கத்துக்கு எட்டாத இரட்டைகள் சில உள்ளன. தமிழ்த் தரவில் உண்மையான தொல்லை இவைதாம். கௌரி என்பதைத் தட்டெழுதும்போது ஔகாரக் குறிக்குப் பதில் எகரக் குறியையும் ளகரத்தையும் தட்டி ‘கெளரி’ என்று பதிவோர் ஏராளம். கண்ணுக்கு ஏறக்குறைய ஒன்றாகத் தெரியும் இவ்விரண்டும் யூனிகோடின் பார்வையில் தொடர்பில்லாத சொற்கள். அகரவரிசையிலும் அவை வெகுதொலைவு விலகி நிற்கும். ஔவை, ‘ஒளவை’ இரண்டுக்கும் இதே நிலை. எகரக் குறியை அடுத்து, குறி எதுவும் ஏறாத ளகரம் வந்தால் அதைச் சந்தேகப் பட்டியலில் சேர்த்து ஒரு மனிதரிடம் காட்டுங்கள். தானாகத் திருத்தும் நிரலை எழுத வேண்டாம். அதேபோல் ஸ்ரீ என்பதை ஸகரத்தில் தொடங்கியும் பதியலாம், 2005இல் யூனிகோடு 4.1இல் சேர்க்கப்பட்ட ஶகரத்தில் தொடங்கியும் பதியலாம். பல எழுத்துருக்கள் இரண்டையும் ஒரே வடிவமாகக் காட்டும். நம் ஊர்ப் பெயர்களிலும் ஆலயப் பெயர்களிலும் இந்த எழுத்து எத்தனை முறை வருகிறது என்பதை எண்ணிப் பார்த்தால், ஏதேனும் ஒன்றைத் தேர்ந்து மற்றொன்றை அதற்கு மாற்றிவிடுவது எவ்வளவு அவசியம் என்பது விளங்கும். கண்ணுக்குத் தெரியாத இணைப்பு நீக்கிக் குறி 8204, உடையா இடைவெளி 160 ஆகியவை வேறு மென்பொருளிலிருந்து வெட்டி ஒட்டும்போது நுழைபவை. முதலாவதை நீக்கி, இரண்டாவதைச் சாதாரண இடைவெளியாக்குங்கள்.

இன்னொரு பழக்கம் தமிழில் பேரிழப்பை உண்டாக்கும். ஐரோப்பிய மொழிகளில் தேடலை எளிதாக்க, மேற்குறிகளை எல்லாம் கழற்றிவிடும் சிறு நிரல் ஒன்று இணையத்தில் பரவலாகப் புழங்குகிறது. ‘இடம் அடைக்காத குறி’ என்று யூனிகோடு வகைப்படுத்திய எல்லாவற்றையும் அது நீக்கும். தமிழில் புள்ளியும் ஈகாரக் குறியும் அந்த வகையில் இருக்கின்றன; இகரம், உகரம் முதலான மற்ற உயிர்க்குறிகள் இடம் அடைக்கும் குறிகளாக வேறு வகையில் இருக்கின்றன. ஆகவே அந்த நிரலுக்குள் போன ‘வீரன்’ ‘வரன’ ஆகி வெளியே வருகிறார், ‘வரன்’ என்பதும் ‘வரன’ ஆகிறது, இருவரும் ஒருவராகிவிடுகிறார்கள். மீனா ‘மனா’ ஆகிறார். கிதா என்றால் தப்பிக்கிறது, கீதா என்றால் சிதைகிறது என்பதால் சோதனையில் இது எளிதில் கண்ணில் படுவதுமில்லை. பல மொழிகள் கலந்த தேடலில் இந்தக் கழற்றலை ரோமன் எழுத்துகளுக்கு மட்டும் வரையறுத்துவிடுங்கள்.

வரிசைவிதியே சமத்துவத்தையும் தீர்மானிக்கும் இடங்களில் விழிப்பு வேண்டும். மைஎஸ்கியூஎலின் 0900 வகை இயல்பு விதி பெரிய எழுத்து சிறிய எழுத்தைப் பார்ப்பதில்லை. தமிழ் எண் ௧ என்பதையும் 1 என்பதையும் ஒன்றாகவே கொள்ளும். உறுப்பினர் எண் போன்ற நெடுவரிசைக்கு இருமவகை வரிசைவிதியைத் தருவது பாதுகாப்பானது. போஸ்ட்கிரெஸ், நாம் வேண்டுமென்றே மாற்றாதவரை, வரிசைக்கு ஐசியுவைக் கேட்டாலும் சமத்துவத்துக்கு பைட்டுகளையே பார்க்கும். அந்த இயல்பை அப்படியே விட்டுவிட்டு, தரவைத் தூய்மை செய்து சேமிப்பதே என் பரிந்துரை. லட்சுமி, லெட்சுமி, இலட்சுமி மூன்றும் ஒருவர்தானா என்பதை எந்த வரிசைவிதியும் சொல்லாது. அதை அடையாள அட்டை எண்தான் சொல்லும்.

முதலெழுத்தும் தந்தை பெயரும்

மலேசியப் பட்டியல்களுக்கே உரிய ஒரு குழப்பம் வரிசைவிதிக்கு வெளியே இருக்கிறது. அடையாள அட்டையில் ஒருவரின் பெயர் முதலிலும், மகன் என்பதற்கு ஏ/எல், மகள் என்பதற்கு ஏ/பி என்னும் குறி அடுத்தும், தந்தையின் பெயர் கடைசியிலும் வரும். அதே ஆளைத் தமிழில் எழுதும்போது தந்தை பெயரின் முதலெழுத்தை முன்னால் வைத்து ‘மு. கண்ணன்’ என்கிறோம். முழுச் சரத்தையும் அடுக்கினால், ரோமன் பட்டியலில் ககர இனத்தில் நிற்பவர் தமிழ்ப் பட்டியலில் மகரத்துக்குப் போய்விடுவார். முதலெழுத்து, பெயர், தந்தை பெயர் என மூன்று நெடுவரிசைகளாகப் பிரித்து, பெயரால் முதலிலும் தந்தை பெயரால் அடுத்தும் அடுக்குங்கள். அச்சிடும்போது எந்த வடிவில் வேண்டுமானாலும் சேர்த்துக்கொள்ளலாம்.

ஒரே நெடுவரிசையில் தமிழ், ரோமன், சீனப் பெயர்கள் கலந்திருந்தால், எந்த எழுத்துமுறை முதலில் வரவேண்டும் என்பதையும் ஐசியு விதியோடு சேர்த்துச் சொல்ல இடமுண்டு. ஜாவாஸ்கிரிப்டின் கொலேட்டரில் அந்த வசதி கிடையாது. லோட் 9, லோட் 10 போன்ற முகவரிகளுக்கு எண்மதிப்பு ஒப்பீட்டைக் கேட்டுப் பெறலாம். அது ஜாவாஸ்கிரிப்டிலும் உண்டு.

பழைய கோப்புகளைக் கொண்டுவருவோருக்கு ஒரு குறிப்பு. தொண்ணூறுகளின் இறுதியிலும் அதன் பின்னரும் டிஸ்கி போன்ற, யூனிகோடு அல்லாத பழைய குறியேற்றங்களில் பதியப்பட்ட பட்டியல்கள் இங்கே பல அலுவலகங்களில் இன்னும் இருக்கலாம். அவற்றில் எழுத்து, கண்ணுக்குத் தெரியும் வரிசையில் பதிவாகியிருக்கும். எகர, ஏகார, ஐகாரக் குறிகள் மெய்யெழுத்துக்கு முன்னால் நிற்கும். அந்த நிலையில் அடுக்கினால் கெஜலட்சுமியும் செல்வியும் எகரக் குறியின் கீழ் ஒன்றாகச் சேர்ந்துகொள்வார்கள். யூனிகோடுக்கு மாற்றி, இயல்பாக்கம் செய்த பிறகே மற்ற எல்லாம்.

விதி மாறும்போது

வரிசைவிதி நிலையானது அன்று. யூனிகோடும் சிஎல்டிஆரும் புதிய பதிப்புகளை வெளியிடும்போது எடைகள் மாறலாம். இன்டெக்ஸ் என்பது ஏற்கெனவே அடுக்கி வைத்த பட்டியல் என்பதால், விதி மாறிய பிறகு பழைய அடுக்கில் தேடினால் இருக்கும் பெயரும் இல்லை என்று விடை வரலாம், தனித்தன்மைக் கட்டுப்பாட்டையும் மீறி ஒரே பெயர் இரண்டு முறை நுழையலாம். 2018இல் ஜிலிப்சி 2.28 வெளிவந்தபோது அதன் வரிசைத் தரவு பெருமளவில் மாறியது. இயங்குதளத்தை மேம்படுத்திய போஸ்ட்கிரெஸ் பயனர்கள் பலர் இன்டெக்ஸ் கெட்டுப்போனதைப் பிறகே அறிந்தார்கள். ஐசியு வரிசைவிதிகளுக்குப் போஸ்ட்கிரெஸ் பதிப்பெண்ணைக் குறித்து வைத்து, பொருந்தாவிட்டால் எச்சரிக்கும். அந்த எச்சரிக்கையைக் கண்டதும் முதலில் ‘ரீஇன்டெக்ஸ்’ கட்டளையால் இன்டெக்ஸ்களை மீண்டும் கட்டி, அதன் பிறகே ‘ரெஃப்ரெஷ் வெர்ஷன்’ கட்டளையை இடுங்கள். வரிசை மாறிச் செய்தால் எச்சரிக்கை மறையும், பழுது இருக்கும். ஐசியு தந்த வரிசைச் சாவிகளைச் சேமித்து வைத்திருப்போர் அவற்றையும் புதிதாகக் கணக்கிட வேண்டும். மேலே சொன்ன 247 எண் முறைக்கு இந்தக் கவலை இல்லை.

சேவையகம் ஒரு விதியிலும் கைப்பேசிச் செயலி வேறொரு விதியிலும் அடுக்கும் அமைப்புகளில், பக்கம் பக்கமாகப் பட்டியலைக் காட்டும்போது சில பெயர்கள் இரண்டு முறை வரும், சில பெயர்கள் வரவே வராது. அடுக்கும் பொறுப்பைச் சேவையகத்திடம் மட்டும் விட்டுவிட்டு, ஒவ்வொரு பெயரோடும் அதன் வரிசைச் சாவியையும் செயலிக்கு அனுப்புங்கள். செயலி தன்னிடம் உள்ள பெயர்களை மீண்டும் அடுக்க நேர்ந்தால், அந்தச் சாவியின் பைட்டுகளை ஒப்பிட்டால் போதும். தமிழ் விதியைத் தெரிந்துவைத்திருக்க வேண்டிய தேவை அதற்கு இல்லை.